கொள்ளி வைத்தவன் பங்கு

அத்தியாயம் 11

முந்தின நாள் சாயங்காலம் பெரியநாயகியைப் பீங்கான் பேட்டையில், பூட்டிய ஷெட்டுக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவள் அப்பா பச்சமுத்து காலமெல்லாம் ஃபியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் சுட்டெடுத்த ஷெட் அது. 'பச்சமுத்து செராமிக்ஸ்' என்று இருந்த போர்டில் இப்போது 'நந்தா செராமிக்ஸ்' என்று சிவப்புப் பெயிண்ட் காயாமல் மின்னியது. கதவில் புதுப் பூட்டு. அவளிடம் இருந்த பழைய சாவி அதற்குள் நுழையக்கூட மறுத்தது.

பக்கத்து ஷெட் ஸ்தனிஸ்லாஸ் அப்பாவின் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவிர வேறு எதற்கும் களிமண் படாத சட்டை போடாத மனுஷர். அவர்தான் வெளியே வந்து அந்தச் சேதியைச் சொன்னார்.

"போர்டு கெடக்குது பாப்பா. நாளைக்குத் தெவசம் முடிஞ்ச கையோட உங்கம்மாவ நந்தகுமாரு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு அழைச்சிட்டுப் போறானாம். வூட்டையும் எழுதி வாங்கப் போறான்."

ஷெட் போனால் தொழில்தான் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். வீடு போனால் அம்மா எங்கே போவாள்?

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சமுத்துவுக்குப் பிறந்தது இரண்டும் பெண். மூத்தவள் பெரியநாயகி, கருவேப்பிலங்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். இளையவள் சண்முகப்ரியா திருப்பூரில் இருக்கிறாள். போன வைகாசியில் பச்சமுத்து கண்ணை மூடியபோது அவருக்குக் கொள்ளி வைத்தவன் அவருடைய அண்ணன் மகன் நந்தகுமார். கருமாதியன்று வாரிசு என்று அவன் தலையில்தான் உருமாத் துணி கட்டினார்கள்.

பெண்டாட்டிக்கும் பெண்களுக்கும்தான் சொத்து என்கிறது சட்டம். ஆனால் சட்டம் எங்கேயோ புத்தகத்தில் இருக்கிறது. உருமா ஊரார் கண்ணெதிரே கட்டப்பட்டது. அன்றிலிருந்து ஷெட்டில் வேலை செய்த பெண்கள் அவனை முதலாளி என்றார்கள். நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் நெல் மூட்டையை அவன் வாசலில் இறக்கினார். சித்தப்பா குடும்பத்தைத் தாங்குகிறான் என்று ஊரே மெச்சியது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்களே, இவனுக்கு இடத்தை ஊரே கூடிக் கொடுத்தது.

ஜங்ஷன் ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் வீடு மட்டும் அம்மா கொளஞ்சியம்மாள் பெயரில் இருந்தது. பெண்டாட்டி பெயரில் வாங்கிவிட்டால் யாரும் பிடுங்க முடியாது என்று பச்சமுத்து நினைத்திருந்தார். பிடுங்க முடியாததைக் கேட்டே வாங்கிவிடலாம் என்பது பாவம் அவருக்குத் தோன்றவில்லை.

*

வைகாசியில் மணிமுத்தாற்றில் தண்ணீர் ஏது? மணல்தான் கண்ணுக்கெட்டிய வரை கிடந்தது. ஐயர் பிளாஸ்டிக் குடத்தில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தார். பழமலைநாதர் கோபுரத்து நிழல் சரிந்து விழுந்த இடத்தில் பாயை விரித்து, எள், தர்ப்பை, வாழையிலை, அரிசி மாவு என்று எல்லாம் ஒழுங்காகப் பரப்பியாயிற்று. சற்றுத் தள்ளி வேறு சில குடும்பங்களும் தங்கள் செத்தவர்களுக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

செய்ய வேண்டியவனைத்தான் காணோம்.

கொளஞ்சியம்மாள் பாயின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும். இந்த ஒரு வருஷத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டிருந்தாள். முந்தின ராத்திரி ஊருக்குத் திரும்பிய பெரியநாயகி, தன் புருஷன் பாண்டியனை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தாள். வந்ததிலிருந்து அம்மாவைத் தனியாகப் பிடித்துப் பேச முயன்றாள். அம்மா பிடி கொடுக்கவில்லை. இந்தப் பாத்திரத்தை எடு, அந்தப் பூவை வை என்று வேலை சொல்லியே தப்பித்தாள்.

நந்தகுமார் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சலவை வேட்டி, வெற்றுடம்பு, இடுப்பில் செல்போன். வந்தவன் பாயில் உட்காரவில்லை. சித்திக்கு எதிரில் குனிந்து நின்று, சாயந்திரம் ஆபீசில் டோக்கன் போட்டிருப்பதாகவும், அவள் மறக்காமல் வந்துவிட வேண்டும் என்றும் பதமாகச் சொன்னான். வருஷத் தீட்டு இன்றோடு தீருகிறது, இனி தள்ளிப்போட வேண்டாம் என்றான். கொளஞ்சியம்மாள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகுதான் அவன் ஐயருக்கு எதிரில் சம்மணம் போட்டான்.

பெரியநாயகி அதைக் கவனித்தாள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்குக்கூட இவன் அச்சாரம் வாங்கிக்கொண்டுதான் உட்காருகிறான்.

ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கினார். நந்தகுமார் விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டிக்கொண்டு, சொன்னதைச் சொல்லி, இறைக்கச் சொன்னதை இறைத்தான். செய்வதைத் திருத்தமாகவே செய்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்று தலைமுறைப் பெயரையும் தடுமாறாமல் சொன்னான். பச்சமுத்து என்று அவன் வாய் சொன்னபோது பெரியநாயகியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பாண்டியன் அவள் முழங்கையைப் பிடித்து, இப்போது வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். நல்ல மனுஷன், ஆனால் வாழ்நாள் முழுக்க 'இப்போது வேண்டாம்' என்றே சொல்லிக்கொண்டிருப்பவன். அவள் கையை உதறினாள்.

"அண்ணே, எங்கப்பா ஷெட்டு சாவிய எப்பத் தருவீங்க?"

ஐயரின் மந்திரம் நின்றது. பக்கத்துக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன. நந்தகுமார் அவள் பக்கமே திரும்பவில்லை. விரலில் இருந்த பவித்திரத்தை மெதுவாகக் கழற்றி இலையின் ஓரத்தில் வைத்தான். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"போதுங்க ஐயரே. சாவி கேக்கறவங்களே வந்து ஒக்காந்து செய்யட்டும். எனக்கென்ன தலையெழுத்தா?"

பாதியில் எழுந்திருக்கக் கூடாது, கர்த்தா பவித்திரத்தைக் கழற்றினால் அத்தனையும் வீண், செத்தவர் பசியோடு திரும்பிப்போவார் என்று ஐயர் பதறினார். நந்தகுமார் செருப்பைத் தேடினான்.

அப்போதுதான் அது நடந்தது. கொளஞ்சியம்மாள் ஒரு கையை மணலில் ஊன்றி எழுந்தாள். அவளுக்கு மூட்டு வலி, எழுந்திருக்க எப்போதும் ஒருவர் கை கொடுக்க வேண்டும். அன்று யாரையும் எதிர்பார்க்காமல் எழுந்தாள். நான்கு எட்டு நடந்துபோய், தன் பிள்ளை வயசுக்காரனின் காலடியில் குனிந்தாள். அவள் கை அவன் பாதத்தைத் தொட்டது.

ஒரு சித்தி காலைத் தொட வந்தால் எவனும் துள்ளிப் பின்வாங்குவான். நந்தகுமாரும் பின்வாங்கினான். ஆனால் தொட்ட பிறகுதான் வாங்கினான். அந்த ஒரு நொடித் தாமதத்தைப் பெரியநாயகி பார்த்துவிட்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அம்மாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தன் வாய்தான் என்று பட்டது.

"முடிச்சிடுங்கண்ணே," என்றாள். "நான் ஒண்ணும் கேக்கல."

அவன் மறுபடி உட்கார்ந்தான். ஐயர் ஏதோ பரிகார மந்திரம் சொல்லிப் பவித்திரத்தை மாட்டிவிட்டார். பிண்டத்தைக் கொண்டுபோய் மணல் மேட்டில் வைத்ததும் காக்கைகள் கூட்டமாக இறங்கி ஒரு பருக்கை விடாமல் தின்றன. சித்தப்பாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது, பாருங்கள் என்று நந்தகுமார் எல்லோரும் கேட்கும்படி சொன்னான். காக்கைக்கு வாரிசு யார் என்று தெரியாது. சோறு எங்கே என்றுதான் தெரியும்.

*

பச்சமுத்து வீட்டில் ஒரு கப்பாவது நேராக நின்றதில்லை. சூளையில் கோணிப்போனது, விளிம்பில் விரிசல் கண்டது என்று விற்பனைக்கு ஆகாததெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். உப்பு ஜாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். புளி ஜாடிக்கு மூடி பொருந்தாது. அந்த ஜாடிகளுக்கு நடுவில் கொளஞ்சியம்மாள் படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருந்தாள். பெரியநாயகி வாழைக்காய் நறுக்கினாள். மற்றவர்கள் எல்லாம் கூடத்தில் இருந்தார்கள். அம்மாவுக்கு இனித் தப்பிக்க இடமில்லை.

வீட்டை எழுதிக் கொடுக்காதே என்று பெரியநாயகி சுற்றி வளைக்காமல் சொன்னாள். ஷெட்டை எடுத்துக்கொண்டான், நிலத்து நெல்லை எடுத்துக்கொண்டான், இதையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவன் வெளியே போ என்றால் எங்கே போவாய் என்று கேட்டாள். நான் இருக்கும் வரை இங்கேயே இருக்கச் சொல்லியிருக்கிறான் என்றாள் அம்மா. வாயால்தானே சொன்னான் என்றாள் மகள். எல்லாமே வாயால்தானே என்றாள் அம்மா.

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. கொளஞ்சியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு, மாவுக் கையோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எதுக்குடி வூடு? போறப்ப தூக்கிட்டா போவப் போறேன்? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நான் செத்தா அனாதப் பொணமா கெடக்கக் கூடாது. மொறையா ஒருத்தன் எனக்குக் கொள்ளி வக்கணும். அவன் வக்கிறேன்னு உங்கப்பா படத்துக்கு முன்னால சொல்லியிருக்கான். அதுக்குத்தான் வூட்டக் குடுக்கறேன்."

இந்த விஷயம் பெரியநாயகிக்கு இப்போதுதான் தெரிந்தது. பயமுறுத்தி வாங்குகிறான், ஏமாற்றி வாங்குகிறான் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். அம்மாவே விலை பேசிக் கொடுக்கிறாள் என்பது அவள் நினைத்துப் பார்க்காதது.

"உன் மருமவன் இல்லையா?"

"பங்காளி இருக்கறப்ப மருமவன் வக்கிறதா? ஊரு சிரிக்கும்."

"அப்ப நான் வக்கிறேம்மா. நான் உன் மவதான. நான் வக்கிறேன்."

கொளஞ்சியம்மாள் அவளையே பார்த்தாள்.

"உங்கப்பாவுக்கு ஏன் வக்கல?"

போன வருஷம் நடந்தது பெரியநாயகிக்கு மறக்கவில்லை. வைகாசி வெயிலில் அப்பாவின் உடம்பு வாசலில் கிடந்தது. நந்தகுமாருக்கும் சித்தப்பாவுக்கும் பழைய மனஸ்தாபம். அவன் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பங்காளிகள் ஆளாளுக்கு நழுவினார்கள். ஐஸ் வைக்கவும் ஆளில்லை, தூக்கவும் ஆளில்லை. பெண்ணே வைக்கட்டுமே என்று ஸ்தனிஸ்லாஸ் ஒருவர்தான் சொன்னார். அவர் வேற மதம், நம்ம முறை அவருக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தது வேறு யாருமில்லை, பெரியநாயகிதான். அவளே கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் நந்தகுமார் கையில் வைத்து அழுதாள். நீங்கதான் எங்களுக்கு அண்ணன், இனிமே எங்களுக்கு எல்லாம் நீங்கதான் என்றாள். ஊரே அழுதது. பெண்கள் முச்சந்தியோடு நின்றுகொண்டார்கள், அவளும் நின்றுகொண்டாள்.

எல்லாம் நீங்கதான் என்று அழுகையோடு சொன்னதை அவன் அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டுவிட்டான்.

"அன்னைக்குப் பயமா இருந்துச்சும்மா," என்றாள் மெதுவாக.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது," என்றாள் அம்மா. அடுப்பைத் தூண்டிவிட்டு அடுத்த வடையைத் தட்டினாள்.

பெரியநாயகி கொல்லைக்குப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். பனியன் கம்பெனியில் லோடு ஏற்ற வேண்டிய நாள் என்று தெவசத்துக்கே வராதவள் சண்முகப்ரியா. மெஷின் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மா வீடு, அம்மா இஷ்டம், நாம் ஏன் பொல்லாப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். பிறகு சூப்பர்வைசர் வருகிறார் என்று போனை வைத்துவிட்டாள்.

*

சாப்பாடு முடிந்து இலை எடுத்தாயிற்று. நந்தகுமாரின் பெண்டாட்டி பானுமதி கொல்லைக் குழாயடியில் பெரியநாயகியோடு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். பானுமதி கெட்டவள் இல்லை. வாய் ஓயாதவள், அவ்வளவுதான். புருஷன் என்ன செய்கிறான் என்று முழுசாகத் தெரிந்துகொள்ளாததால் எதையும் மறைக்கத் தெரியாதவள்.

தேய்த்துக்கொண்டே அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். இந்த ஊரை விட்டுப் போக மனசே வரவில்லை என்றாள்.

"எங்க அண்ணி போறீங்க?"

"ஒனக்குத் தெரியாதா? குஜராத்துல மோர்பின்னு ஒரு ஊராம். அங்கதான் இப்ப டைல்ஸு தொழிலு ஓடுதாம். உங்கண்ணன் யாரு கூடயோ பங்கு சேர்றாரு. இங்க களிமண்ணு கட்டுப்படி ஆவலன்னு சொல்றாரு. புள்ளைங்களுக்கு டி.சி.கூட வாங்கியாச்சு. ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள போயாவணும்."

பெரியநாயகி கையில் இருந்த தவலை தரையில் உட்கார்ந்தது. ஷெட் மட்டும் என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்கும் ஆள் பார்த்தாயிற்று, இந்த வீட்டுக்கும் செல்போன் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றாள் பானுமதி. அம்மா இதிலேயே இருக்கலாம் என்றாரே அண்ணன் என்றதற்கு, அந்தக் கடைக்காரரிடம் பின்பக்கத்து அறையை விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வீட்டைக் கொடுத்து அம்மா எதை வாங்குகிறாளோ, அதைக் கொடுக்க அவன் ஊரிலேயே இருக்கப்போவதில்லை. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்பார்கள். அம்மா அந்த மண் குதிரைக்குத் தன் வீட்டையே தீவனமாக வைக்கப் போகிறாள்.

*

ஆட்டோவில் கொளஞ்சியம்மாள் நடுவில், நந்தகுமார் ஒரு பக்கம். கூப்பிடாமலே பெரியநாயகி மறுபக்கம் ஏறிக்கொண்டாள். பாண்டியன் வாசலில் நின்று பார்த்தான்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் கூட்டம். மரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர்கள் மடியில் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாளைச் சுவரோரத்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நந்தகுமார் உள்ளே போய்விட்டு வந்தான். அடுத்ததாகக் கூப்பிடுவார்கள் என்றான். அவள் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கைநாட்டுக்காரி, மை சரியாக ஒட்ட வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

பெரியநாயகி அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அம்மா நம்பமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, இவங்க குடும்பத்தோட குஜராத்துக்குப் போறாங்க. ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள போறாங்க. நீயே கேளு."

கொளஞ்சியம்மாள் அவனைப் பார்த்தாள். நந்தகுமார் திடுக்கிடவில்லை, மறுக்கவும் இல்லை. என்றைக்காவது சொல்லத்தான் வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தவன்போல சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்றான். தூரம் போனால் உறவு போய்விடுமா, ஒரு போன் போட்டால் போதும், போட்டது போட்டபடி வந்து நிற்பேன் என்றான்.

"எத்தினி நாளாவும் நந்தா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"ரயில்ல ரெண்டு நாளு. டிக்கெட்டு கெடைக்கலன்னா கூட ஒண்ணு ஆவும். அதுக்கென்னா சித்தி, இப்பதான் ஐஸ் பெட்டி வந்துடுச்சே. டவுன்லயே வாடகைக்குக் குடுக்கறாங்க. அதுல வச்சிட்டா அப்படியே இருக்கும். நான் வந்து எல்லாத்தையும் மொறையா பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஊருக்குப் போகிறவன் பாலைக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னான். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

எதிர்வீட்டு மேஸ்திரி செத்தபோது கொளஞ்சியம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறாள். துபாயிலிருந்து மகன் வரும் வரை போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடி முழுக்க நீர் முத்து முத்தாக நின்றது. உள்ளே முகம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் பெண்டாட்டி கன்னத்தைத் தொட முடியாமல் கண்ணாடியைத் தடவித் தடவி அழுதாள். அன்று வீட்டுக்கு வந்து கொளஞ்சியம்மாள் சோறு தின்னவில்லை. தனக்கும் அதுதானா என்று இப்போது நினைத்துப் பார்த்தாள். உள்ளே தான் தனியாகக் கிடக்க, வெளியே ஆள் இல்லாத வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருப்பது காதில் கேட்டது.

உள்ளேயிருந்து பியூன் குரல் கொடுத்தான். "பச்சமுத்து சம்சாரம் கொளஞ்சியம்மா."

நந்தகுமார் எழுந்து கை கொடுத்தான். அவள் கையைப் பற்றவில்லை.

"நந்தா, ஒக்காரு," என்றாள். "காசிக்குப் போறவங்க தனக்குத் தானே பிண்டம் வச்சிட்டு வருவாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம ஊருக்கும் விருத்தகாசின்னுதான பேரு. ஆத்தோட போயி ஒடம்பு கெடைக்காதவங்களுக்குத் தர்ப்பையில ஒடம்பு செஞ்சி கொள்ளி வக்கிறதில்லையா? அதுபோல எனக்கும் ஒண்ணு செஞ்சி, நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொள்ளிய வச்சிடு. காரியத்தையும் முடிச்சிடு. நான் பக்கத்துல ஒக்காந்து கண்ணால பாத்துக்கறேன். பாத்துட்டு வந்து கைநாட்டு வக்கிறேன்."

பெரியநாயகி வாயில் அம்மா என்று ஒரு சொல்தான் வந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவன் வேண்டாம் என்று சொல்லுவான் என்றுதான் பெரியநாயகி எதிர்பார்த்தாள். எவ்வளவு பேராசைக்காரனாக இருந்தாலும், சித்தியை உயிரோடு உட்காரவைத்துக் கொள்ளி வைக்கிறதா, என்ன பேச்சு இது என்று வாயைப் பொத்துவான், அப்போதாவது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வரும் என்று நினைத்தாள். நந்தகுமார் தலையைக் குனிந்து யோசித்தான். நெற்றியைத் தடவினான். பிறகு பியூனிடம் போய், டோக்கனை நாளை மறுநாளைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டான். முடியும் என்றதும் திரும்பி வந்தான்.

"நாளைக்கேன்னா ஐயரு கெடைப்பாரான்னு தெரியல சித்தி. கேட்டுப் பாக்கறேன்."

இடுப்பிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மரத்தடிக்குப் போனான்.

கொளஞ்சியம்மாள் அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அவன் வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தாளா, அல்லது இரண்டு நாள் தவணை வாங்கத்தான் அப்படிச் சொன்னாளா, அந்த முகத்தில் மகளால் ஒன்றையும் படிக்க முடியவில்லை. பெரியநாயகி அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

அம்மாவின் கை அவள் தலையை ஒரு முறை தடவியது. பிறகு முகத்தை நிமிர்த்தியது.

"உன் தங்கச்சிக்குப் போன் போடு. அம்மா போய்ட்டான்னு எழவு சொல்லு. நாளைக்கு ஆத்தங்கரைக்கு வரச் சொல்லு. நீ இப்ப அழுவாத நாயகி. அழுவறதா இருந்தா நாளைக்கு அங்க வந்து அழுவு. யாரு யாரு அழுவறாங்கன்னு நானும் பாக்கறேன்."